வளையாத வில்லும் வதைபடும் சாலையும்

"காருக்கு வில்லை இறுக்குகிறார்களாம்! காரே இல்லாத நமக்கு அதைப்பற்றிக் கவலை ஏன்? நெசவாளி வீட்டில் அடுப்பெரியவில்லை. உழவன் விளைத்த பொருளுக்கு விலையில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்கு வேறு பொருளா கிடைக்கவில்லை?" என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். கேட்கட்டும். கேட்பது அவர்கள் உரிமை. விடை கூறுவது நமது கடமை.

விடை இதுதான்: கார் அவனுடையது, சாலை நம்முடையது. அவன் காருக்குள் அவன் என்ன செய்துகொண்டாலும் அது அவன் விருப்பம் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தக் கார் சாலைக்கு வந்துவிட்ட கணத்திலிருந்து, அதன் சக்கரம் தரையைப் பற்றி நிற்கிறதா, தத்தித் தாவுகிறதா என்பது, சாலையோரம் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் உயிர்க் கேள்வியாகிவிடுகிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நூற்றுக்கு அறுபத்து நான்கு பேர், தம்மைச் சுற்றி ஒரு தகரக் கூடுகூட இல்லாத ஏழை எளியவர்கள்! இதற்குப் பிறகும், 'கார்க்காரன் பாடு, நமக்கென்ன?' என்று இருந்துவிட முடியுமா?

பொதுச்சாலை என்ற சொல்லை நாம் எளிதாகப் பெற்றுவிடவில்லை, தோழர்களே! 1893இல் திருவிதாங்கூரில் அய்யங்காளி என்ற உழைப்பாளி மகன், தன் மக்கள் நடக்கவும் கூடாது என்று தடுக்கப்பட்ட வீதியில், தலைநிமிர்ந்து வண்டியேறிச் சென்றார். அவர் ஏறிய வண்டி எது? வில்வண்டி! மிராசுதாரர்க்கும் மேல்குடியினர்க்கும் மட்டுமே உரியதெனக் கருதப்பட்ட அதே வில்வண்டி. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக மூண்ட போரிலே, ஈரோட்டிலிருந்து சென்று சிறை புகுந்தார் பெரியார். அப்படிப் போராடிப் பெற்ற பொதுச்சாலையை, இன்று பணத்திமிரின் பந்தயத் திடலாக்க ஒருவனுக்கு உரிமையுண்டா? இந்தக் கேள்வியோடுதான் வில்லின் கதையைப் பார்க்கவேண்டும்.

வண்டிக்கு வில் எதற்கு? ஏறி அமர்ந்தவரின் இடுப்பு நோகாமலிருக்க என்று எண்ணுவோர் பலர். அது பாதி உண்மை. மற்றப் பாதி, உயிர் காக்கும் பாதி. காரின் ஒவ்வொரு சக்கரமும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான் ஒரு டன்னுக்கு மேற்பட்ட இரும்பை நிறுத்துகிறது, திருப்புகிறது, தடம் மாறாமல் காக்கிறது. அந்த ரப்பர் தரையைவிட்டு எழும்பிவிட்டால், பிரேக்கும் வீண், ஸ்டியரிங்கும் வீண். மேடு வந்தால் அமுங்கியும், பள்ளம் வந்தால் நீண்டும் சக்கரத்தை விடாமல் தரையோடு சேர்த்து வைப்பதே வில்லின் வேலை. அமுங்கிய வில் ஊஞ்சலாடாமல் அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. இரண்டும் கணவன் மனைவிபோல. ஒன்றை மாற்றி மற்றதை மாற்றாவிட்டால் குடும்பம் குலையும்.

கணக்கு எளிது. நொடிக்கு ஒருமுறை மேலும் கீழும் ஆடும்படி அமைந்த மென்மையான வில், வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும்போதே ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் அமுங்கியிருக்கும். நொடிக்கு இருமுறை ஆடும்படி அதை விறைப்பாக்க வேண்டுமானால், வில்லின் வலிமையை நான்கு மடங்காக்க வேண்டும். அப்போது அது அமுங்கியிருக்கும் அளவு 6 சென்டிமீட்டர்தான். இந்த அமுக்கம் என்பது என்ன? பள்ளம் வரும்போது சக்கரத்தைக் கீழே தள்ளித் தரையோடு அழுத்துவதற்கு வில்லிடம் உள்ள இருப்பு! சேமிப்பு இருப்பவன் பஞ்சத்தைத் தாண்டுவான். கையில் ஒன்றுமில்லாதவன் முதல் பஞ்சத்திலேயே விழுவான். விறைத்த வில்லும் அப்படித்தான். 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் சக்கரம் தரையை விட்டால், இரண்டு மீட்டருக்கு மேல் அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் இல்லை. அந்த இரண்டு மீட்டரில் ஒரு குழந்தை நிற்கலாம்!

இன்னொன்றும் உண்டு. டயரின் மீது எடை இருமடங்கானால் அதன் பிடிப்பு இருமடங்காவதில்லை. சற்றுக் குறைவாகவே ஏறும். ஆகவே, தத்தித் தத்திச் செல்லும் சக்கரம், எடை கூடும் கணத்தில் பெறுவதைவிட, குறையும் கணத்தில் இழப்பது மிகுதி. கரடுமுரடான சாலையில் விறைத்த வண்டி நிற்க அதிகத் தொலைவு எடுப்பதற்குக் காரணம் இதுவே. 'வில்லை இறுக்கினால் வண்டி சாயாது, ஆகவே பத்திரம்' என்பாரும் உளர். சாய்வு குறைவது உண்மை. ஆனால் வளைவில் ஒரு பக்கத்துச் சக்கரத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் மொத்த எடையை வில் தீர்மானிப்பதில்லை. வண்டியின் உயரமும், அகலமும், திரும்பும் வேகமும் தீர்மானிக்கின்றன. சாய்வு என்பது 'இனி வேகம் வேண்டாம்' என்று வண்டி தரும் எச்சரிக்கை. எச்சரிக்கை மணியின் நாக்கை அறுத்துவிட்டு, மணி அடிக்கவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்பது எத்தகைய அறிவு?

வில்லை விறைக்கும் ஆசை எங்கிருந்து வந்தது? பந்தயத் திடலிலிருந்து. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையை அடுத்த செட்டிபாளையத்திலும் பந்தயச் சாலைகள் உண்டு. அங்கே தரை சீரானது. எதிரே மாடு வராது, மாணவன் வரமாட்டான். விபத்து நேர்ந்தால் ஆம்புலன்ஸ் அருகிலேயே நிற்கும். அங்கே விறைத்த வில்லுக்கு வேலையுண்டு; யாரும் குறை கூறவில்லை. ஆனால் அந்தப் பந்தய உலகமே இதில் பட்ட பாட்டைக் கேளுங்கள். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபார்முலா ஒன் கார்களைத் தரையோடு தரையாக ஒட்டி ஓட்டுவதற்காக, வில்லே இல்லையோ என்னும்படி இறுக்கினார்கள். ஓட்டியவர்கள் உடல் நொந்தார்கள். ஓட்டுநரை மென்மையான ஒரு கூட்டிலும், காற்றழுத்தத்தைத் தாங்கும் பகுதியை விறைத்த மற்றொரு கூட்டிலுமாகப் பிரித்து, 1981இல் லோட்டஸ் நிறுவனம் ஒரு வண்டியே கட்டியது. அதற்குப் பந்தய விதியில் இடம் கிடைக்கவில்லை. பிறகு 1983இல் வண்டியின் அடிப்பகுதி தட்டையாக இருக்கவேண்டும் என்று விதியே மாறிற்று. கண்ணாடிபோன்ற தரையில், உலகின் தேர்ந்த ஓட்டுநர்க்கே தாங்கவொண்ணாத விறைப்பு, வேகத்தடைக்கு வேகத்தடை குதிக்கும் நமது சாலைக்குப் பொருந்துமா?

அதே ஐரோப்பாவில் எதிர்த்திசையில் சிந்தித்தவர்களும் இருந்தார்கள். 1948இல் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோயன் நிறுவனம் ஒரு சிறு காரை வைத்தது. குடியானவன் ஒருவன், கூடை நிறைய முட்டையோடு உழுத வயலைக் குறுக்கே கடந்தாலும், முட்டை உடையக்கூடாது என்பது அந்தக் காரை உருவாக்கியவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. மென்மையான நீண்ட வில். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று இணைந்து மேடுபள்ளத்தைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு. 1990 வரை அந்த வண்டி உற்பத்தியாயிற்று. குடியானவனின் முட்டையை அளவுகோலாக வைத்த அறிவுக்கும், பணக்காரப் பிள்ளையின் பகட்டை அளவுகோலாக வைக்கும் அறிவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தோழர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

பட்டறையில் நடப்பது என்ன? நல்ல விலையில் வில்லும் ஷாக் அப்சார்பரும் பொருத்தம் பார்த்து வாங்கி மாட்டுவோர் சிலர்; அவற்றில் பொறுப்போடு செய்யப்பட்டவையும் உண்டு என்பதை மறுக்கவேண்டாம். பணம் போதாத இளைஞன் செய்வது வேறு. ஆறு சுற்றுள்ள சுருளில் ஒன்றரைச் சுற்றை அறுத்தெறிகிறான். மிஞ்சிய வில்லின் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது, வண்டி தாழ்கிறது, அமுங்க இருந்த இடம் குறைகிறது. பழைய ஷாக் அப்சார்பர் புதிய விறைப்பை அடக்க மாட்டாமல் திணறுகிறது. அறுத்த முனை தன் இருக்கையில் சமமாக உட்காருவதில்லை. பெரும் பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது வில்லே இடம் பெயரலாம். வளைவில் ஒரு மேடு வந்தால், கடைசித் தடையாக உள்ள ரப்பர்க் கட்டையில் வண்டி மோதுகிறது. அந்தக் கணத்தில் வில்லில்லாத கட்டைவண்டியாகிறது. முன்பக்கம் மோதினால் திருப்பிய திசைக்குத் திரும்பாது. பின்பக்கம் மோதினால் வால் வீசிச் சுழலும். முன்புறத்தை மட்டும் தாழ்த்தியோ உயர்த்தியோ விட்டால் முகப்பு விளக்கின் ஒளியும் திசை மாறுகிறது: தாழ்ந்தால் தொலைவு தெரியாது, உயர்ந்தால் எதிரே வருபவன் கண் குருடாகும்.

இது பகட்டின் கதை. இனிப் பசியின் கதையைக் கேளுங்கள்.

கார் வைத்திருக்கும் வாலிபனை மட்டும் குறிவைத்துப் பேசிவிட்டு ஓய்ந்துவிட்டால், நாம் நகரத்துப் பத்திரிகையாகத்தான் இருப்போம். சரக்கு வண்டிக்குக் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை சேர்த்து அடிப்பதும் இதே வில்லை விறைப்பதுதான். அது பகட்டுக்காக அன்று. அளவுக்கு மீறி ஏற்றுவதற்காக. மயிலிறகு ஏற்றினாலும் மிகையானால் அச்சு முறியும் என்று எச்சரித்த வள்ளுவர் பிறந்த மண்ணில், மணலும் கருங்கல்லும் எப்படி ஏற்றப்படுகின்றன என்பதை விளக்க வேண்டுமா? சுமையோடு செல்லும்போது பிரேக் தாங்காது. சுமை இறக்கித் திரும்பும்போது, விறைத்த பட்டையின் மேல் வெற்று வண்டி துள்ளும், சக்கரம் பிடிப்பிழந்து சறுக்கும். மனித உடலின் நடுப்பகுதியை மிகவும் வருத்துவது, நொடிக்கு 4 முதல் 8 முறை வரை மேலும் கீழும் ஆடும் அதிர்வு என்று அறிவியல் கூறுகிறது. அதை நாளெல்லாம் முதுகெலும்பில் வாங்குபவன் ஓட்டுநர். லாபத்தை வாங்குபவன் முதலாளி. பட்டை சேர்க்கச் சொல்பவன் ஒருவன், பிடிபடும்போது கைகட்டி நிற்பவன் மற்றொருவன்!

சாலையும் தப்புவதில்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 தொடங்கி நடந்த பெரும் சாலைச் சோதனையிலிருந்து பெறப்பட்ட கணக்கு ஒன்று உண்டு. அச்சின் எடை இருமடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்கு. 2018 ஜூலையில் டில்லி அரசு, நான்கு டயர் கொண்ட ஓர் அச்சுக்கு இருந்த எடை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. பார்வைக்கு எட்டில் ஒரு பங்கு உயர்வு. அந்தக் கணக்குப்படிப் பார்த்தால் சாலைச் சேதம் ஒன்றரை மடங்குக்கும் மேல்! ஐரோப்பியச் சட்டமோ, காற்று வில் போன்ற, சாலையை நோகடிக்காத அமைப்பு உள்ள வண்டிக்குத்தான் சில அச்சுகளில் கூடுதல் எடையை அனுமதிக்கிறது. அந்த அமைப்புக்கு இணையானது எது என்பதற்கும் அளவு வைத்திருக்கிறது: வில் நொடிக்கு இருமுறைக்கு மேல் ஆடக்கூடாது என்று எண்ணிச் சொல்கிறது. அங்கே மென்மைக்குப் பரிசு. இங்கே விறைப்புக்கு வரவேற்பு.

விறைத்த பட்டை சாலையை உடைக்கிறது. உடைந்த சாலை குழியாகிறது. குழியில் விழுந்து மாள்பவன் யார்? 2013 முதல் 2017 வரை சாலைக் குழிகளால் மாண்டவர்கள் 14,926 பேர் என்ற கணக்கு 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தபோது, எல்லையில் மாண்டவர்களைவிட இவர்கள் மிகுதியாக இருக்கக்கூடும் என்று நீதிபதிகளே வேதனைப்பட்டனர்.

சட்டம் என்ன செய்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில், மாற்றிய உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதிக்கப்பட்டது. நல்லது, வரவேற்போம். அதே திருத்தத்தில் 198அ என்று ஒரு பிரிவும் உண்டு. சாலையைத் தரமாக அமைக்காமலும் பேணாமலும் விட்டு, அதனால் உயிர் போனால், அந்த அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அந்தப் பிரிவு தரும் தண்டனை என்ன? ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சிறை? அந்தப் பிரிவில் இல்லை! சுருளை அறுத்தவனுக்குச் சிறைவாசல் திறந்திருக்கிறது. சாலையைத் தின்றவனுக்கு ரசீதுப் புத்தகம் நீட்டப்படுகிறது. இதுவா சமநீதி?

அதோடு, தடுப்பதற்கு அளவுகோல் எங்கே? பதிவுச் சான்றில் எஞ்சின் எண் இருக்கிறது, சேசிஸ் எண் இருக்கிறது, எடை இருக்கிறது. வில்லின் விறைப்பு எழுதப்படவில்லை. சாலையில் மறிக்கும் அலுவலர் கண்ணால் பார்த்துத்தான் முடிவுகட்டவேண்டும். அளவுகோல் இல்லாத சட்டம் யாருக்குப் பயன்? கையூட்டு கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும்தான்.

ஆகவே நாம் கேட்பவை இவை.

முதலாவது: அளவுகோல் வேண்டும். ஜெர்மனியில், சோதிக்கப்பட்டுச் சான்று பெற்ற வில்லைத்தான் மாட்டலாம். மாட்டியபின் தேவையானால் வல்லுநரிடம் வண்டியைக் காட்டி ஒப்புதல் பெறவேண்டும். நமது ஒரகடத்திலேயே வாகனங்களைச் சோதிக்கும் பெரிய ஆய்வு மையம் இருக்கிறது. கடையில் விற்கும் ஒவ்வொரு வில்லும் அங்கே சோதனைக்கு வரட்டும். தேறியதற்கு முத்திரை, தேறாததற்குத் தடை. பட்டறைத் தொழிலாளிக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருக. அவன் நம் வர்க்கத்தவன், அவனைக் குற்றவாளியாக்குவது தீர்வாகாது.

இரண்டாவது: தண்டனை மேலிருந்து தொடங்கட்டும். தரமற்ற வில்லை இறக்குமதி செய்து விற்பவன், கூடுதல் பட்டை அடிக்கச் சொல்லும் லாரி முதலாளி, அதிகச் சுமையை ஏற்றி அனுப்பும் குவாரி உரிமையாளன் ஆகியோர் முன்வரிசையில் நிற்கட்டும். ஓட்டுநர் கடைசியில் நிற்கட்டும்.

மூன்றாவது: 198அ பிரிவுக்குப் பல் வேண்டும். உயிர் போனால் சிறை என்பது வண்டிக்காரனுக்கு மட்டும் உரிய நியாயம் ஆகாது.

நான்காவது: வேகத்தடைகள் விதிப்படி அமையவேண்டும். 1988இல் இந்தியச் சாலைப் பேராயம் வகுத்த அளவு, 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் நோகாமல் கடக்கக்கூடிய வட்ட மேடு. நம் தெருக்களில் இருப்பதோ, ஓரிரவில் கொட்டி உறைந்த மதில்கள்! கர்ப்பிணியின் வயிற்றிலும் முதியவரின் முதுகிலும் விழும் அடி அது.

அரசுக்குச் சொன்னது போதும். இனி நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். மாநாட்டுக்குக் கொடி கட்டி வரும் வண்டிகளைத் தோழர்கள் பார்த்திருப்பீர்கள். முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு. அதைத் தடைசெய்யச் சொல்லி 2017 டிசம்பரிலேயே டில்லியிலிருந்து மாநிலங்களுக்குக் கடிதம் வந்துவிட்டது. சிலவற்றில் சுருளை அறுத்துத் தாழ்த்திய உடல், சிலவற்றில் கட்டை கொடுத்து உயர்த்திய உடல். வண்டி உயர்ந்தால் தலைவருக்குப் பெருமை என்று எண்ணுகிறார்கள் போலும்! உயர்த்திய வண்டி கவிழ்வதற்கு ஒரு படி நெருங்கிய வண்டி. பொதுக்கூட்டத்துக்கு வரும் மக்களில் பாதிப்பேர் நடந்து வருகிறார்கள். அவர்கள் நடுவே இந்த வண்டிகள் சீறிப் பாய்கின்றன. சட்டமன்றத்தில் சாலைப் பாதுகாப்பைப் பற்றி முழங்குவோம், சாலையில் நமது கொடி கட்டிய வண்டியே விதியை மீறும் என்றால், ஊர் சிரிக்காதா? கட்சிக் கொடி பறக்கும் வண்டிக்கு நாட்டுச் சட்டத்தைவிடக் கட்டுப்பாடு கூடுதலாக இருக்கவேண்டும், குறைவாக இருக்கலாகாது.

ஒவ்வொரு ஊர்க்கிளையும் வரும் கூட்டத்தில் இதைப் பேசட்டும். கிளைத் தோழர்களின் வண்டிகளில் உற்பத்தியாளர் வைத்த வில் திரும்பி வரட்டும். கம்பித் தடுப்புகள் கழற்றப்படட்டும். ஊரிலுள்ள வேகத்தடையை அளந்து, அளவு மீறியதை நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதுங்கள். குழியைப் படமெடுத்து, நாள் குறித்து, மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நாளை ஓர் உயிர் போனால், 'எங்களுக்குத் தெரியாது' என்று எந்த அதிகாரியும் கையை விரிக்க முடியாமல் அந்த ரசீது பேசும்.

வளைந்து கொடுப்பதனால்தான் அதற்கு வில் என்று பெயர். வளையாதது விறகு. அய்யங்காளி வில்வண்டி ஏறிப் பெற்றுத் தந்த சாலையில், விறகின் மேல் அமர்ந்து விரைபவர்கள் உழைப்பாளியின் பிள்ளையை வீழ்த்திவிட்டுப் போக நாம் இடம்கொடுக்கலாகாது. காரில்லாத நமக்கு இதைப்பற்றிக் கவலை ஏன் என்று கேட்ட தோழரே, காரில்லாததால்தான் நமக்குக் கவலை!